பெட்டிக்குள் இருந்தும் அடிபட்ட கருவி

போன வாரம் அடையாறிலிருந்து பேரன் போன் செய்தான். "தாத்தா, கேமராவுக்குக் கெட்டியா ஒரு பெட்டி வாங்கணும். தி.நகர் கடையில மூணு சைஸ் இருக்கு. எதுக்கும் இருக்கட்டும்னு பெரிசாவே வாங்கிடட்டுமா?" என்றான். "அவசரப்படாதேடா, சாயங்காலம் மயிலாப்பூர் வா, ஒரு கதை சொல்றேன்" என்றேன். அவனுக்குச் சொன்னதையே இங்கும் எழுதி வைக்கிறேன்.

நம் பரங்கிமலையின் அடிவாரத்தில்தான் கதை தொடங்குகிறது. 1802 ஏப்ரல் 10-ம் தேதி வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி அங்கிருந்து தெற்கே பெரும்பாக்கம் நோக்கி நிலத்தை அளக்க ஆரம்பித்தார். மே 22-ல் முடித்தார். மொத்தம் சுமார் ஏழரை மைல். 100 அடி நீள எஃகுச் சங்கிலியை வெறும் தரையில் போடவில்லை. முக்காலிகளின் மேல் மரத்தொட்டிகளை வரிசையாக வைத்து அவற்றுக்குள் நீட்டி அளந்தார்கள். வெயிலில் இரும்பு நீளும் என்பதால் பக்கத்திலேயே வெப்பமானியும் இருந்தது. இந்தியா முழுவதையும் முக்கோணங்களாகப் பிரித்து அளந்த பெரும் வேலைக்கு அதுதான் அடிக்கோடு.

கோணம் அளக்க வேண்டிய பெரிய தியோடலைட் அப்போது வந்து சேரவில்லை. லண்டனில் கேரி என்பவர் செய்தது அது. எடை அரை டன், அதன் வட்டத்தட்டின் குறுக்களவு மட்டும் மூன்று அடி. வரும் வழியில் பிரெஞ்சுப் போர்க்கப்பல் ஒன்று பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோய்விட்டது. இரு தேசங்களும் சண்டையில் இருந்த காலம். ஆனாலும் அங்கிருந்த பிரெஞ்சு கவர்னர், ஒரு மரியாதைக் கடிதத்தோடு கருவியைச் சென்னைக்கே அனுப்பி வைத்தார்!

நான் புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்தவன். தெலாம்பரும் மெஷேனும் டன்கெர்க்கிலிருந்து பார்சலோனா வரை பூமியை அளந்த பிறகுதான் 'மீட்டர்' பிறந்தது என்று எங்கள் வாத்தியார் பெருமையோடு சொல்வார். அளவையின் அருமை தெரிந்த தேசம், அதனால்தான் திருப்பிக் கொடுத்தார்கள் என்பது என் சொந்த ஊகம்.

இப்படிக் கடலும் போரும் தாண்டி வந்த கருவிக்குக் கண்டம் தஞ்சாவூரில் காத்திருந்தது. காவிரிப் படுகை சமதரை. எங்கு பார்த்தாலும் தோப்புகள். ஏறி நின்று பார்க்கக் குன்று கிடையாது. அதனால் லாம்டன் கோயில்களின் உச்சியையே பயன்படுத்தினார். 1808-ல் பெரிய கோயிலின் மேல் தியோடலைட்டைப் பெட்டியோடு கயிறு கட்டி ஏற்றினார்கள். சுவரில் இடிக்காமல் விலக்கிப் பிடித்திருந்த பக்கக் கயிறு அறுந்தது. பெட்டி பலமாகப் போய்ச் சுவரில் மோதியது. உள்ளே அடி விழுந்த இடம் எது தெரியுமா? வட்டத்தட்டை நுணுக்கமாக நகர்த்தும் சிறு திருகும் அதன் பிடியும். அதன் வழியாக அடி வட்டத்துக்கு இறங்கி, வட்டமே கோணிப்போனது.

லாம்டன் கூடாரத்தில் தன்னை அடைத்துக்கொண்டார். கருவியைத் தனித்தனியாகக் கழற்றினார். ஒரு பெரிய பலகையில் சரியான அளவுக்கு வட்டம் வெட்டி, ஆப்பு, திருகு, கப்பி கொண்டு தட்டை அதற்குப் பொருந்தும்படி மெல்ல இழுத்தார். வளைந்த ஆரங்களைச் சிறு மரச்சுத்தியால் தட்டி நிமிர்த்தினார். ஆறு வாரம் ஆயிற்று. அவருக்குப் பின் பொறுப்பேற்ற எவரெஸ்ட் இதை எழுதி வைத்திருக்கிறார். 1823-ல் லாம்டன் ஹிங்கன்காட்டில் காலமான பிறகும் அந்தக் கருவி வேலை செய்தது.

இந்தக் கதை எனக்கு ஏன் உறைக்கிறது என்றால், நானும் ஒரு பெட்டி விஷயத்தில் தவறியவன். 1978-ல் எங்கள் அலுவலகத்தில் மட்டம் பார்க்கும் லெவல் கருவி ஒன்றின் தேக்குப் பெட்டியைக் கரையான் தின்றுவிட்டது. புதுப்பெட்டிக்கு அளவு எழுதிக் கொடுத்த குமாஸ்தா நான்தான். 'தாராளமாக இருக்கட்டும்' என்று ஒவ்வொரு பக்கமும் இரண்டு அங்குலம் கூட்டினேன். காலி இடத்தில் பழைய செய்தித்தாளைத் திணித்து லாரியில் ஏற்றினோம். போய்ச் சேர்வதற்குள் காகிதம் அமுங்கி, கருவி உருண்டு, குமிழிக் குழாய் உடைந்து போயிற்று. அனுப்புகைப் பதிவேட்டில் என் கையெழுத்து.

யாரும் என்னைத் திட்டவில்லை. ஓய்வுபெறும் வயதிலிருந்த சர்வேயர் ஒருவர் மட்டும் கரையான் அரித்த பழைய பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே கருவியின் உருவத்துக்கு ஏற்பக் குடைந்த கட்டைகள், மேலே கம்பளித் துணி. "தம்பி, கனமான உடம்பை இறுக்கிப் பிடிக்கணும். மெல்லிசான உறுப்பு எதையும் தொடாம இருக்கணும். வெளி அளவு அதுக்கப்புறம்தான்" என்றார். தஞ்சாவூர்க் கதையைப் படித்தபோது அவர் சொன்னதுதான் ஞாபகம் வந்தது.

பேரன் கேமராவைக் கையோடு எடுத்துப்போய் உள்ளே வைத்துப் பார்த்து நடு சைஸை வாங்கினான். லென்ஸைக் கழற்றித் தனிப் பள்ளத்தில் வைத்தான். ஃபோமை அவனே வெட்டினான். மூடியபின் குலுக்கிப் பார்த்தோம், சத்தமில்லை.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய தராசுப் பெட்டியோ டைப்ரைட்டர் பெட்டியோ இருந்தால் இறக்கித் திறந்து பாருங்கள். உள்ளே இருக்கும் கட்டைகளைக் கவனியுங்கள். எது எங்கே தாங்குகிறது என்று எனக்கும் எழுதுங்கள்.