கையெழுத்துப் போட யார் வருவார்? 1980இல் மரியேலிலிருந்து வந்தவர்கள்

அகதிகளின் வரலாற்றைப் படிக்கும்போது, எந்த நாடு எத்தனை பேரை உள்ளே விட்டது என்ற எண்ணிக்கையோடு நாம் நின்றுவிடுகிறோம். உள்ளே வந்தவர் முதல் இரவு எங்கே தங்கினார், அவருக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டவர் யார் என்று கேட்பதில்லை. தன்பாலீர்ப்பாளர்களும் திருநர்களும் அகதிகளாக வரும்போது அந்தக் கேள்விதான் முதலில் எழுகிறது. சமூகப்பணியில் இருக்கும் எங்களுக்கு இதை விளக்க 1980இல் கியூபாவிலிருந்து அமெரிக்கா போனவர்களின் கதையைவிடத் தெளிவான கதை கிடைக்கவில்லை.

அந்த ஆண்டு ஏப்ரலில் காஸ்ட்ரோ அரசு மரியேல் துறைமுகத்தைத் திறந்துவிட்டது. அக்டோபருக்குள் சுமார் 1,25,000 பேர் படகேறி ஃபுளோரிடா சேர்ந்தார்கள். போகிறவர்களை அரசு 'எஸ்கோரியா' என்று அழைத்தது. கசடு, கழிவு என்று பொருள். நாட்டுக்கு வேண்டாதவர்கள் பட்டியலில் தன்பாலீர்ப்பாளர்களும் இருந்ததால், காவல் நிலையத்துக்குப் போய் 'நான் அப்படிப்பட்டவன்' என்று சொன்னால் வெளியேற அனுமதி கிடைத்தது. எழுத்தாளர் ரெய்னால்டோ அரேனாஸ், தன்னை அங்கே நடந்து காட்டச் சொன்னார்கள் என்று நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். நடையைப் பார்த்து முடிவு செய்தார்களாம். வெளியேறினால் போதும் என்று, தன்பாலீர்ப்பு இல்லாத ஆண்களும் அப்படிச் சொல்லிக் கையெழுத்திட்டார்கள்.

இதற்கு முன்கதையும் உண்டு. 1965 முதல் 1968 வரை தன்பாலீர்ப்பாளர்களையும் மத நம்பிக்கையாளர்கள் பலரையும் கியூபா கட்டாய உழைப்பு முகாம்களில் அடைத்துவைத்திருந்தது. நம் இடதுசாரித் தோழர்கள் சிலருக்கு இந்தப் பகுதி கசக்கும். ஆனால் தன்பாலீர்ப்பாளர்களுக்கு இழைத்த அநீதிக்குத் தானே பொறுப்பு என்று 2010இல் ஒரு மெக்சிகோ நாளேட்டுக்கு அளித்த பேட்டியில் காஸ்ட்ரோவே ஒப்புக்கொண்டார்.

சரி, அமெரிக்கா கைநீட்டி வரவேற்றதா? 1952ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின்படி தன்பாலீர்ப்பாளர்கள் அந்த நாட்டுக்குள் நுழையவே கூடாது. அந்தத் தடை 1990 வரை சட்டத்தில் இருந்தது. ஹவானாவில் எதைச் சொன்னால் கதவு திறந்ததோ, அதையே ஃபுளோரிடாவில் சொன்னால் கதவு மூடும். 1980 செப்டம்பரில் நீதித்துறை அமைச்சகம் ஒரு நடுவழி கண்டுபிடித்தது: அதிகாரிகள் இதைப் பற்றிக் கேட்க மாட்டார்கள், வருகிறவர் தானாக வாய்திறந்து சொன்னால் மட்டும் விசாரணை. இதைச் சிலர் பெருந்தன்மை என்கிறார்கள். வாயை மூடிக்கொண்டால் இருக்கலாம் என்பதற்கு வேறு பெயர் இருப்பதாக நாங்கள் நினைக்கிறோம்.

மயாமியில் உறவினர் இருந்தவர்கள் சீக்கிரம் வெளியேறினார்கள். ஏறக்குறைய பாதிப்பேரை ராணுவத் தளங்களுக்கு அனுப்பினார்கள்: ஆர்கன்சாவில் ஃபோர்ட் சாஃபி, பென்சில்வேனியாவில் இந்தியன்டவுன் கேப், விஸ்கான்சினில் மெக்காய், ஃபுளோரிடாவில் எக்லின். அங்கிருந்து வெளியே வர ஒரு ஸ்பான்சர் வேண்டும். ஸ்பான்சர் தேடித்தந்தவை பெரும்பாலும் தேவாலயங்கள் சார்ந்த அமைப்புகள். முன்வந்த வீடுகள் குடும்பங்களைத்தான் கேட்டன. தனி ஆண்கள், கறுப்பர்கள், பெண்தன்மை வெளியே தெரிகிறவர்கள் எல்லாம் வரிசையின் கடைசியில் நின்றார்கள். தனக்குப் பொருத்தமான வீடு வேண்டுமென்றால் தான் யார் என்று சொல்லியாக வேண்டும். சொன்னாலோ சட்டம் பாயலாம்.

இந்த முடிச்சை அவிழ்க்க வந்தவர்களில் ஒருவர் மெட்ரோபாலிட்டன் கம்யூனிட்டி சர்ச். ட்ராய் பெர்ரி என்ற பாதிரியார் 1968இல் லாஸ் ஏஞ்சலிஸில் தன்பாலீர்ப்பாளர்களுக்காகத் தொடங்கிய சபை இது. 1973இல் அதன் சொந்தக் கட்டடமே தீக்கிரையானது. அப்படிப்பட்டவர்கள்தான் தங்கள் மக்களின் வீடுகளைத் திறக்கச் சொன்னார்கள். தன்பாலீர்ப்பாளர் வீடுகள் பல கியூபர்களை ஏற்றுக்கொண்டன. ஒரு அறை, ஆங்கில வகுப்பு, ஒரு வேலை, பேருந்தில் போகப் பழக்கிவிடுவது என்று உதவி அன்றாட விஷயங்களில் இருந்தது.

எல்லாம் நன்றாக நடக்கவில்லை. ஸ்பான்சர் போட்ட கையெழுத்து தார்மீக வாக்குறுதி மட்டுமே, சட்டப்படி அவரைக் கட்டுப்படுத்தவில்லை. வீடு அவருடையது, சாவி அவர் கையில், மொழியும் அவருடையது. வந்தவர் நன்றியோடு இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு வேறு. மனத்தாங்கல் வந்தால் தெருவுக்கோ மறுபடி முகாமுக்கோ போக வேண்டியதுதான். ஒரே அடையாளம் இருப்பதால் மட்டும் இரண்டு பேர் சமமாகிவிடுவதில்லை. இதை நாம் வேறு இடங்களிலும் பார்த்திருக்கிறோம்.

மரியேல் வழி வந்த ஒருவரை அமெரிக்க அரசு பின்னர் நாடுகடத்தப் பார்த்தது. டோபோசோ-அல்ஃபோன்சோ வழக்கு என்று சட்ட மாணவர்கள் படிப்பது இதைத்தான். கியூபாவில் அவர் பெயர் தன்பாலீர்ப்பாளர் பதிவேட்டில் இருந்தது. சில மாதங்களுக்கு ஒருமுறை அதிகாரிகள் முன் ஆஜராக வேண்டும். இங்கே அவர்மேல் குற்றப் பதிவு இருந்ததைக் காட்டி அடைக்கலம் மறுத்தார்கள். ஆனால் கியூபாவுக்குத் திருப்பி அனுப்பக் கூடாது என்று குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம் 1990இல் சொன்னது. 1994இல் அட்டர்னி ஜெனரல் ஜேனட் ரீனோ அதை முன்னுதாரணத் தீர்ப்பாக அறிவித்தார். துன்புறுத்தலுக்கு ஆளாகும் ஒரு சமூகப் பிரிவாகத் தன்பாலீர்ப்பாளர்களைப் பார்க்க அது வழிவிட்டது.

கையெழுத்துக்குச் சட்டப்பூர்வமான கடமை தரும் முறையைக் கனடா வைத்திருக்கிறது. அங்கே ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து ஒருவருக்கு ஓராண்டு பொறுப்பேற்கப் புதிதாக விண்ணப்பிக்க 2024 வரை வழி இருந்தது. பொறுப்பு சட்டப்படி அவர்களைக் கட்டும். வான்கூவரில் 2000இல் தொடங்கிய ரெயின்போ ரெஃப்யூஜி அமைப்போடு சேர்ந்து, பால்புதுமையினருக்கென்றே 2011இல் அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. முதல் மூன்று மாதச் செலவு அரசுடையது, மீதி குழுவுடையது. 2020 முதல் ஆண்டுக்கு 50 பேர் என்று இலக்கு வைத்தார்கள், தேவைக்கு முன் சொற்பம்தான். ஆனாலும் குழுவில் ஒருவர் வீடு பார்ப்பார், ஒருவர் மருத்துவரிடம் கூட்டிப்போவார், ஒருவர் வங்கிக் கணக்கு தொடங்க உதவுவார். ஒருவரோடு ஒத்துப்போகவில்லை என்றாலும் மற்ற நால்வர் இருக்கிறார்கள். இந்தத் துறைக்கு வர நினைக்கும் மாணவர்கள் மொழிபெயர்ப்பாளர் விஷயத்தையும் கவனியுங்கள். அகதியின் சொந்த ஊர்க்காரரையே மொழிபெயர்க்க உட்காரவைத்தால், எவரிடமிருந்து தப்பி வந்தாரோ அவர்கள் காதுக்குச் செய்தி போய்விடும் என்று பயந்து அவர் வாயே திறக்காமல் போகலாம். யார் வேண்டும் என்று முதலில் அவரிடமே கேட்க வேண்டும்.