ஆங்கிலேயர் ஆட்சியில் தூத்துக்குடிக் கடற்கரைப் பள்ளிகளின் நிதியும் கட்டடப் பற்றாக்குறையும்

தூத்துக்குடி 1825ஆம் ஆண்டு டச்சுக்காரர்களிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு இறுதியாக வந்தது. அதன்பின் 1947 வரை இக்கடற்கரையின் பள்ளிகளைக் கிறித்தவ மிஷன்களும், நகராட்சியும், ஜில்லா போர்டும் தாலுகா போர்டும் நடத்தின. சுங்கம், உப்பு, சங்கு, முத்து என்று அரசுக்குப் பல வழிகளில் வருமானம் ஈட்டித் தந்த கடற்கரை இது. ஆயினும் பள்ளிக்குக் கூரை போடப் பணமில்லை என்ற பேச்சு இங்கு ஓயவில்லை. வருமானம் ஓர் அரசு அமைப்புக்கும், பள்ளி நடத்தும் பொறுப்பு வேறோர் அமைப்புக்கும் போனதே இதற்கு முதற்காரணம்.

மன்றோவின் கணக்கு

சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் மாவட்ட ஆட்சியர்களிடம் பள்ளிக் கணக்குக் கேட்டார். 1826இல் தொகுக்கப்பட்ட விவரப்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. 1,88,650 பேர் படித்தனர். இவற்றுள் பெரும்பாலானவை திண்ணைப் பள்ளிகள். அவற்றுக்குத் தனிக் கட்டடம் தேவைப்படவில்லை. ஆசிரியர் வீட்டுத் திண்ணை, கோயில் மண்டபம், மரத்தடி எதுவும் போதும். ஆசிரியருக்குப் பெற்றோர் நெல்லாகவோ காசாகவோ கொடுத்தனர். மன்றோ தாலுகாவுக்கு ஒரு தாசில்தாரிப் பள்ளி வைத்து, ஆசிரியருக்கு மாதம் 9 ரூபாய் தரலாம் என்றார். அப்பள்ளிகள் 1836இல் மூடப்பட்டன.

பள்ளிக்கென்று வரி

1854ஆம் ஆண்டின் உட் கல்வி அறிக்கை தனியார் பள்ளிகளுக்கு உதவித்தொகை தரும் முறையைக் கொண்டுவந்தது. உள்ளூர் மக்கள் விரும்பினால் பள்ளிக்காக வரி போட்டுக்கொள்ள 1863ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது. விரும்பி வரி கேட்டு வருபவர் எத்தனை பேர் இருப்பார்கள்? சட்டம் பெரும்பாலும் ஏட்டிலேயே நின்றது. 1871இல் உள்ளூர் நிதிச் சட்டம் வீட்டு வரி போட்டுப் பள்ளி நடத்த வழி செய்தபோது எதிர்ப்பு வலுத்ததால், சில ஆண்டுகளிலேயே அவ்வரி கைவிடப்பட்டது. 1884இல் வந்த உள்ளாட்சிச் சட்டம் ஜில்லா போர்டு, தாலுகா போர்டு, யூனியன் என்ற அடுக்கை உருவாக்கியது. முதியவர்கள் இன்றும் ‘போர்டு ஸ்கூல்’ என்று சொல்வது அந்தக் காலத்தின் மிச்சமே.

போர்டுகளின் முக்கிய வருவாய் நிலத்தின் மீதான செஸ். தாமிரபரணிப் பாசனத்தில் நன்செய் விளையும் ஊர்களில் அது கணிசமாக வரும். வேம்பார், வைப்பார், புன்னைக்காயல், மணப்பாடு போன்ற கடலோர ஊர்களின் நிலைமை வேறு. மணலும் தேரியும் பனையும் உள்ள நிலத்தில் தீர்வையே சொற்பம். தீர்வையைச் சார்ந்த செஸ் அதனினும் சொற்பம். கடலில் தொழில் செய்பவருக்குச் செஸ் கட்டும் நிலமே கிடையாது. எனவே பள்ளி அதிகம் தேவைப்பட்ட ஊர்களுக்குப் பணம் மிகக் குறைவாகக் கிடைத்தது. வந்த செஸ்ஸிலும் பெரும்பகுதி சாலைகளுக்கே போயிற்று.

கடல் தந்த பணம்

முத்துக்குளிப்பு அரசின் ஏகபோகம். சலாபம் நடந்த ஆண்டில் எடுக்கப்பட்ட சிப்பியில் பெரும்பங்கை அரசு ஏலம் விட்டது. குளிகாரர்களுக்கு மூன்றில் ஒரு பங்கே கிடைத்தது. அரசின் வருமானம் சென்னைக் கருவூலத்துக்குப் போனது. மேலும் சலாபம் நம்பத்தகுந்த வருமானமும் அன்று. பார்களில் சிப்பி வளராததால் 1830 முதல் 1860 வரை முப்பது ஆண்டுகள் இங்கு குளிப்பே நடக்கவில்லை. துறைமுகச் சுங்கமும் உப்பு வரியும் இந்திய அரசுக்குச் சென்றன. 1866இல் அமைந்த தூத்துக்குடி நகராட்சிக்கு வீட்டு வரி, தொழில் வரி, சிறு கட்டணங்கள் ஆகியவையே கைக்கெட்டியவை.

1876இல் ரயில் வந்தது, 1888இல் ஹார்வி நூற்பாலை வந்தது, மக்கள்தொகை பெருகியது. ஆனால் நகரத்தில் குடிக்க நல்ல தண்ணீர் இல்லை. 1909இல் முதன்முறை நகராட்சித் தலைவரான குரூஸ் பர்னாந்து, வல்லநாட்டுக்கு அருகே தாமிரபரணியிலிருந்து குழாய் வழியாக நீர் கொண்டுவரப் பாடுபட்டார். அத்திட்டம் 1927இல்தான் நிறைவேறியது. குடிநீர், துப்புரவு, விளக்கு, அம்மைத் தடுப்பு எல்லாம் ஒரே பெட்டியிலிருந்து செலவு செய்யப்பட்டபோது பள்ளிக் கட்டடம் வரிசையில் பின்னால் நின்றது. இதற்காக அந்த நகராட்சியைக் குறை சொல்வது நியாயமாகாது.

கூரைக்கு யார் பொறுப்பு?

மாகாணத்தின் தொடக்கப் பள்ளிகளில் பெரும்பாலானவை உதவி பெறும் தனியார் பள்ளிகளே. திருநெல்வேலிச் சீமையில் அவற்றுள் மிஷன் பள்ளிகள் மிகுதி. பல சிற்றூர்களில் ஞாயிற்றுக்கிழமை ஜெப ஆலயமாக இருந்த பனையோலைக் கொட்டகையே மற்ற நாள்களில் பள்ளிக்கூடம். ஓலை மக்கும்; வடகிழக்குப் பருவக்காற்று அடித்தால் பறக்கும். அரசு உதவித்தொகையோ நீண்டகாலம் மாணவர் தேர்ச்சியைக் கணக்கிட்டுத் தரப்பட்டது. நல்ல கட்டடம் இல்லாத பள்ளியில் தேர்ச்சி குறையும்; தேர்ச்சி குறைந்தால் உதவித்தொகை குறையும்; அப்புறம் கட்டடத்துக்கு எங்கே போவது?

நகரத்தின் பெரிய பள்ளிகள் இந்நிலையிலிருந்து ஓரளவு தப்பின. ஜி. யு. போப் தொடங்கிய சாயர்புரம் கல்விநிலையத்தின் கல்லூரிப் பிரிவைக் கால்டுவெல் 1883இல் தூத்துக்குடிக்கு மாற்றினார். 1884இல் இயேசு சபையினர் புனித சவேரியார் பள்ளியைத் தொடங்கினர். ஆனால் உள்நாட்டு ஊர்களில் நிலைமை மாறவில்லை. வ. உ. சிதம்பரனாரின் ஊரான ஒட்டப்பிடாரத்தில் ஆங்கிலம் கற்பிக்கப் பள்ளியில்லை. அவர் தந்தை உலகநாத பிள்ளை ஊரார் துணையுடன் ஒரு பள்ளியைக் கட்டி எழுப்பினார். பதினான்கு வயதில் வ.உ.சி. தூத்துக்குடிக்குப் படிக்க வந்து சவேரியார் பள்ளியிலும் கால்டுவெல் பள்ளியிலும் பயின்றார். வசதியுள்ள தந்தை வாய்க்காத பிள்ளைகளின் படிப்பு திண்ணையோடு நின்றது.

வாடகைக் கட்டடமும் சாதியும்

சொந்தக் கட்டடம் இல்லாமை வெறும் வசதிக் குறைவு மட்டுமன்று. போர்டுப் பள்ளி ஒரு தனியார் வீட்டிலோ சாவடியிலோ கோயில் மண்டபத்திலோ நடந்தால், தாழ்த்தப்பட்ட பிள்ளைகள் உள்ளே வர இட உரிமையாளர் சம்மதிப்பதில்லை. பொதுப்பணத்தில் நடக்கும் பள்ளியில் எல்லோருக்கும் இடமுண்டு என்று விதி சொன்னது. அந்த விதி வாடகை வீட்டின் வாசற்படியில் செல்லாமற்போனது. அனைவரும் போகக்கூடிய இடங்களுக்குப் பள்ளிகளை மாற்ற வேண்டும் என்று 1919ஐ ஒட்டி மாகாண அரசு ஆணையிட்டது. மாற்றுவதற்குச் சொந்தக் கட்டடம் வேண்டும். கட்டடத்துக்குப் பணம் வேண்டும். பல ஊர்களில் ஆணை காகிதத்தோடு நின்றதற்கு இது வசதியான சாக்காகவும் ஆயிற்று.

1920ஆம் ஆண்டுச் சட்டமும் அதன்பின்னும்

1920இல் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம் நிறைவேறியது. மாவட்டந்தோறும் கல்விக் கவுன்சில் அமைந்தது. உள்ளாட்சிகள் கல்வி வரி விதிக்கலாம், அரசும் அதற்கு ஈடாகப் பங்கு தரும் என்பது ஏற்பாடு. 1863ஆம் ஆண்டுச் சட்டத்தைவிட இது பயன்பட்டது. எனினும் வரி போடக்கூடிய சொத்துள்ள ஊருக்கே ஈட்டுப் பணமும் கிடைத்தது. பழைய செஸ்ஸின் குறை இதிலும் தொடர்ந்தது. 1929இல் ஹார்டாக் குழு, முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் நான்காம் வகுப்பை எட்டுவதில்லை என்று காட்டியது. 1930களின் பொருளாதார மந்தம் போர்டுகளின் வருவாயை மேலும் குறைத்தது. 1934இல் தாலுகா போர்டுகள் கலைக்கப்பட்டு, அவற்றின் பள்ளிகளும் ஜில்லா போர்டின் சுமையாயின.

விடுதலைக்குப் பின்னும் இச்சுமை நீங்கவில்லை. 1953இல் ராஜாஜி அரசு தொடக்கப் பள்ளிகளை மூன்று மணி நேர முறைகளாகப் பிரித்தபோது, இருக்கும் கட்டடத்திலும் ஆசிரியரைக் கொண்டும் இரு மடங்குப் பிள்ளைகளைப் படிக்க வைக்கலாம் என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. குலக்கல்வித் திட்டம் என்று எதிர்க்கப்பட்ட அது 1954இல் கைவிடப்பட்டது. காமராசர் ஆட்சியில் நெ. து. சுந்தரவடிவேலு 1958 முதல் நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர் மக்கள் பள்ளிக்கு நிலமும் பணமும் பெஞ்சும் கரும்பலகையும் கொடுத்தனர்.