பிரசவத்துக்கு முன்பே எடுக்கவேண்டிய முடிவு: சிக்கலான கர்ப்பங்களும் மருத்துவமனைத் தரநிலைகளும்

பச்சிளங்குழந்தை இறப்புக் கணக்கை மருத்துவமனை வாரியாகப் பார்த்தால், எல்லா வசதியும் உள்ள பெரிய மருத்துவமனைகளில்தான் பெரும்பாலும் எண்ணிக்கை கூடுதலாக இருக்கும். ரத்தக்கொதிப்பு ஏறிய தாய், 28 வாரத்திலேயே பனிக்குடம் உடைந்த தாய், இரட்டைப் பிள்ளை சுமப்பவர் எல்லாரும் கடைசியில் அங்கேதான் வந்து சேர்கிறார்கள். ஆகவே அந்தக் கணக்கைக் கொண்டு பெரிய மருத்துவமனையின் பயனை அளக்க முடியாது. சிக்கலான கர்ப்பத்தில் பிள்ளையின் உயிரும் மூளையும் தப்புமா என்பது, பிரசவம் எந்த மருத்துவமனையில் நடக்கிறது என்பதைப் பெரிதும் பொறுத்தது; பிறந்தபின் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுவது அதற்கு ஈடாகாது. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

மருத்துவமனைகளைத் தரநிலை பிரிக்கும் ஏற்பாட்டுக்கு அமெரிக்காவில் 'மார்ச் ஆஃப் டைம்ஸ்' அமைப்பு 1976இல் வெளியிட்ட அறிக்கை அடித்தளம் இட்டது. அது மூன்று நிலைகளை வகுத்தது. 2012இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் அவற்றை நான்காக்கியது. தாய்க்கான சிகிச்சைக்கும் தனித் தரநிலைகள் வேண்டும் என்பது 2015இல்தான் ஏற்கப்பட்டது. இத்தனை ஆண்டுகள் பெரும்பாலும் குழந்தையின் வார்டையே தரம்பிரித்துவிட்டுத் தாயின் வார்டை விட்டுவைத்தது பெரிய குறை.

சான்றுகளுக்கு வருவோம். 2010இல் லாஸ்வெல் குழுவினர் முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, 1,500 கிராமும் அதற்குக் கீழும் எடையுள்ள பிள்ளைகளில் உயர்நிலை மருத்துவமனைக்கு வெளியே பிறந்தவர்களில் 38 விழுக்காட்டினரும் உள்ளே பிறந்தவர்களில் 23 விழுக்காட்டினரும் இறந்திருந்தனர். ஆனால் இத்தகைய ஒப்பீட்டில் ஒரு சிக்கல் உண்டு. மிக மோசமான நிலையில் உள்ள தாய்மாரைத் தேர்ந்தெடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினால் அதன் பயன் கணக்கில் குறைவாகத் தெரியும். லார்ச் குழுவினர் 2012இல் இதை அழகாகக் கடந்தார்கள். பென்சில்வேனியா, கலிபோர்னியா, மிசௌரி மாநிலங்களில், தாயின் வீட்டிலிருந்து உயர்நிலை மருத்துவமனை எவ்வளவு கூடுதல் தூரம் என்பதையே கருவியாகக் கொண்டார்கள். வீடு எங்கே இருக்கிறது என்பதற்கும் நோயின் கடுமைக்கும் பெரும்பாலும் தொடர்பில்லை. அப்படிக் கணக்கிட்டபோது உயர்நிலை மருத்துவமனையின் பயன், வழக்கமான கணக்குகள் காட்டியதைவிடப் பெரிதாகவே தெரிந்தது.

'இங்கேயே பிறக்கட்டும், பிறகு அனுப்பிக்கொள்ளலாம்' என்பது நடைமுறையில் அடிக்கடி கேட்கிற பேச்சு. 2008 முதல் 2015 வரை இங்கிலாந்தில் 28 வாரத்துக்கு முன் பிறந்த 17,577 குழந்தைகளை ஆராய்ந்த ஹெலனியஸ் குழுவின் 2019ஆம் ஆண்டுக் கட்டுரை இதற்குப் பதில் சொல்கிறது. கீழ்நிலை மருத்துவமனையில் பிறந்து 48 மணி நேரத்துக்குள் மேலே அனுப்பப்பட்ட குழந்தைகளுக்குக் கடுமையான மூளைச் சேதம் நேரும் வாய்ப்பு, உயர்நிலை மருத்துவமனையிலேயே பிறந்தவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல். பிறந்த இடத்திலேயே வைத்துப் பார்க்கப்பட்டவர்களிடம் இறப்பு கூடுதல். இதன் உடலியல் விளங்காத ஒன்றல்ல. 27 வாரக் குழந்தையின் மூளை உள்ளறைகளை ஒட்டிய ரத்தக் குழாய்கள் மிக மெல்லியவை; ரத்த அழுத்தம் சற்றே ஏறி இறங்கினாலும், கரியமில வாயுவின் அளவு மாறினாலும் கசியக்கூடியவை. அந்தக் குழந்தையை முதல் மணிகளிலேயே சுவாசக் குழாயுடன் ஆம்புலன்ஸில் ஏற்றினால், வேகத்தடை ஒவ்வொன்றிலும் குழாய் நகர்கிறது, கதவு திறக்கும்போதெல்லாம் உடல் குளிர்கிறது. வயிற்றுக்குள் இருக்கையில் அதே சாலையில் போயிருந்தால் இவற்றில் எதுவும் நேர்ந்திருக்காது.

இன்னொரு சான்று எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது. குறைப்பிரசவம் நேரும் முன் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் முதிரும் என்பதை 1972இல் லிகின்ஸும் ஹோவியும் காட்டினார்கள். இந்தியா உட்பட ஆறு நாடுகளின் கிராமப்புறங்களில் இந்த ஊசியைப் பரவலாக்கிப் பார்த்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. மிகச் சிறிய குழந்தைகளின் இறப்பு குறையவில்லை. ஒட்டுமொத்தப் பச்சிளங்குழந்தை இறப்போ கூடியது. 2020இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு, ஸ்கேன் வழியே கர்ப்ப வாரத்தை உறுதிசெய்யக்கூடிய, குறைமாதக் குழந்தைகளைப் பார்க்கக்கூடிய மருத்துவமனைகளில் மட்டும் நடந்தது. அங்கே இறப்பு 23.5 விழுக்காட்டிலிருந்து 19.6 ஆகக் குறைந்தது. மருந்தின் பயன் அது கொடுக்கப்படும் இடத்தைச் சார்ந்தே இருக்கிறது.

இந்திய ஏற்பாட்டை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். 2011ஆம் ஆண்டின் வழிகாட்டுதல்படி, மாவட்ட மருத்துவமனையின் சிறப்புப் பச்சிளங்குழந்தைப் பிரிவு எல்லாச் சிகிச்சையும் தரும், வென்டிலேட்டரும் பெரிய அறுவைசிகிச்சையும் நீங்கலாக. 34 வாரக் குழந்தைக்கு அது போதும். 27 வாரக் குழந்தைக்கு அது இடைத்தங்கல்தான். 2020ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பில் ஆயிரம் பிறப்புக்கு 9 பச்சிளங்குழந்தை இறப்பு என்ற நிலையை எட்டிய தமிழ்நாட்டில் (நாட்டின் சராசரி 20), இனி மீதமுள்ள இறப்புகளைக் குறைப்பதில் இத்தகைய மிகக் குறைமாதக் குழந்தைகளுக்குப் பெரிய பங்குண்டு.

எல்லாப் பிரசவத்தையும் பெரிய மருத்துவமனைக்குத் தள்ளுவது தீர்வாகாது. சிக்கலில்லாத தாய்மாரால் அங்கே கட்டில்கள் நிரம்பினால், ரெஃபர் ஆகி வருபவருக்கு இடமிருக்காது. வெகுதூரம் போகிற குடும்பத்துக்குக் கூலி இழப்பும் துணைக்கு இருப்பவரின் சாப்பாட்டுச் செலவும் உண்மையான தடைகள். எனவே வலி வருமுன், கர்ப்பகாலப் பரிசோதனையிலேயே யார் எங்கே பிரசவிக்க வேண்டும் என்று குறிக்கப்பட வேண்டும். குறைமாதத்தில் திடீரென வலி கண்டவருக்கு முதல் டெக்சாமெதசோன் (ஸ்டீராய்டு) ஊசியைப் போட்டு, வலியைத் தணித்து, தொலைபேசியில் கட்டிலை உறுதிசெய்துகொண்டே அனுப்ப வேண்டும். பிரசவம் நெருங்கிவிட்டவரை அனுப்பக்கூடாது.

இறப்புத் தணிக்கையிலும் ஒரு மாற்றம் தேவை. வெளியே பிறந்து வந்த குழந்தை இறந்தால் இன்று அந்த இறப்பு, சேர்த்துக்கொண்ட மருத்துவமனையின் ஏட்டில் நிற்கிறது. தாய் முதலில் காலடி வைத்த மருத்துவமனையிலிருந்து தணிக்கை தொடங்க வேண்டும்: எந்த நேரத்தில் வந்தார், அப்போது எத்தனை வாரம், அனுப்பியிருக்கக்கூடிய நேரம் இருந்ததா, ஊசி போடப்பட்டதா, மறுமுனையில் தொலைபேசியை எடுத்தவர் கட்டில் இல்லை என்றாரா.