பழைய கட்டடங்களும் புதிய பயன்பாடும்

நூற்றாண்டு காணும் எமது கல்லூரி அன்னையின் வளவுக்குள் காலடி வைக்கும் பழைய மாணவிகள் எவரும் முதலில் திரும்பிப் பார்ப்பது பழைய மண்டபத்தையே. காலைப் பிரார்த்தனைக்கு வரிசையாக நின்றதும், பரிசளிப்பு விழாவில் பெயர் கூப்பிடும்வரை நெஞ்சு படபடக்க இருந்ததும், மழை நாட்களில் நீண்ட விறாந்தையில் சாப்பாட்டுப் பெட்டியைப் பகிர்ந்து உண்டதும் அங்கேதான். இன்று அதன் கதவுகள் பூட்டப்பட்டுள்ளன. மேற்குப் பக்கக் கூரை இறங்கிவிட்டது. சுவரடி உப்புப் பூத்து உதிர்கிறது. இதனை இடித்துவிட்டு மூன்று மாடிக் கட்டடம் எழுப்புவதா, அல்லது திருத்தி மீண்டும் பயன்படுத்துவதா என்ற கேள்வி எமது சங்கத்தின் முன் இருக்கிறது.

உண்மையைச் சொன்னால், எமது வகுப்பினர் பலரும் முதலில் இடிக்கும் பக்கமே நின்றோம். தகரக் கொட்டகையில் வேர்த்து வழிந்தபடி படிக்கும் பிள்ளைகளை நினைக்கையில் பழைய சுவரின்மேல் பாசம் கொள்வது ஆடம்பரமாகவே பட்டது. எமது எண்ணம் மாறியதற்குக் காரணம், இலங்கையில் பழைய கட்டடங்கள் சிலவற்றுக்கு நேர்ந்தவற்றைச் சற்று ஆழ்ந்து பார்த்ததுதான். அவற்றையே இங்கு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

கடைத்தொகுதியான வைத்தியசாலை

மருத்துவத் தொழிலில் இருப்பதால் கொழும்புக் கோட்டையிலுள்ள ஒல்லாந்தர் வைத்தியசாலையிலிருந்து தொடங்குகிறோம். கோட்டைப் பகுதியில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய கட்டடங்களுள் இதுவும் ஒன்று. 1681இல் இது இயங்கிவந்தமைக்கு எழுத்துச் சான்று உண்டு. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் கப்பல்களில் மாதக்கணக்காகப் பயணம் செய்து நோயுற்று இறங்கும் மாலுமிகளை விரைவாகக் கொண்டுவருவதற்காகத் துறைமுகத்துக்குக் கிட்டவே இதனைக் கட்டினார்கள். ஐந்து கட்டடப் பகுதிகள், நடுவே இரண்டு முற்றங்கள், ஏறக்குறைய அரை மீற்றர் தடிப்பான சுவர்கள், பெரிய தேக்கு வளைகள், நீண்ட விறாந்தைகள் என்பன இதன் அமைப்பு. மின்விசிறி இல்லாத காலத்தில் நோயாளருக்குக் காற்றும் நிழலும் தந்தவை அந்த முற்றங்களும் விறாந்தைகளுமே. 1672இல் கம்பனியின் மருத்துவராக இலங்கைக்கு வந்த போல் ஹேர்மன் இங்குள்ள மூலிகைகளைச் சேகரித்து உலர்த்திப் பாதுகாத்தார். பிற்காலத்தில் லின்னேயஸ் அச்சேகரிப்பைக் கொண்டே 1747இல் இலங்கைத் தாவரங்கள் பற்றிய தமது நூலை வெளியிட்டார்.

ஒல்லாந்தர் போனபின் கட்டடம் பல கைகள் மாறியது. அண்மைக்காலத்தில் அது கோட்டைப் பொலிஸ் நிலையமாகவும் இருந்தது. 1996 ஜனவரி 31இல் மத்திய வங்கிக் குண்டுவெடிப்பில் சேதமடைந்து பல ஆண்டுகள் பாழாய்க் கிடந்தது. நகர அபிவிருத்தி அதிகார சபை அதனைத் திருத்தி 2011இல் உணவகங்களும் கடைகளும் கொண்ட இடமாகத் திறந்தது. சுவர்களையும் முற்றங்களையும் கூரையின் வடிவையும் மாற்றாமல், உள்ளே நடக்கும் தொழிலை மட்டும் மாற்றினார்கள். அன்று நோயாளர் காற்று வாங்கிய முற்றத்தில் இன்று அலுவலகம் முடிந்து வருவோர் தேநீர் அருந்துகின்றனர். காலிக் கோட்டையிலுள்ள ஒல்லாந்தர் வைத்தியசாலையும் இவ்வாறே 2014இல் புதுப்பயன் பெற்றது.

இதே வழியில் வந்த இன்னொரு கட்டடம் எமக்குச் சற்று மனக்குறையைத் தருகிறது. கொழும்பு சுதந்திர சதுக்கத்தின் அருகே இன்று அழகிய கடைத்தொகுதியாக இருக்கும் வெள்ளைக் கட்டடம், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மனநோயாளருக்காக எழுப்பப்பட்டது. நோயாளர்கள் அங்கொடைக்கு மாற்றப்பட்ட பின்னர் அரச அலுவலகங்கள் அங்கு இயங்கின. 2014இல் அது கடைத்தொகுதியாகத் திறக்கப்பட்டது. திருத்த வேலை நேர்த்தியானது. ஆயினும் உறவினரைப் பிரிந்து அங்கே அடைபட்டுக் கிடந்தவர்களை அவ்விடத்தில் நடப்பவர்களுள் எத்தனை பேர் நினைப்பார்கள்? கட்டடம் பிழைத்தால் மட்டும் போதாது, அதன் கதையும் பிழைக்க வேண்டும் என்பதே நாம் பெற்ற முதற் பாடம்.

எமது நூலகம்

கதை என்றதும் யாழ்ப்பாணப் பொது நூலகம் நினைவுக்கு வராமல் இராது. 1930களில் கே. எம். செல்லப்பா அவர்கள் தமது வீட்டில் தொடங்கிய சிறு வாசிகசாலையே அதன் வித்து. வண. லோங் அடிகளார் போன்றோரின் ஊக்கத்தாலும் நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதனின் ஆலோசனையாலும் அது வளர்ந்தது. சென்னையைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் நரசிம்மன் திராவிடக் கட்டடக்கலை மரபில் அதனை வடிவமைத்தார். 1954இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1959 ஒக்டோபரில் நூலகம் திறக்கப்பட்டது. 1981 மே மாத இறுதி இரவில் அது எரியூட்டப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. அத்தீயைக் கண்ட அதிர்ச்சியில் தாவீது அடிகளார் உயிர் நீத்ததை எமது பெற்றோர் சொல்லக் கேட்டு வளர்ந்தோம்.

அந்நாளில் நாம் கைக்குழந்தைகள். நாம் அறிந்த நூலகம் சன்னங்கள் துளைத்த வெறுங்கூடுதான். பின்னர் அதனை மீளக் கட்டும் பேச்சு எழுந்தபோது எம்மவரிடையே இரு கருத்துகள் இருந்தன. எரிந்த சுவர்களை அப்படியே நினைவுச் சின்னமாக விட்டு வேறிடத்தில் புதிதாகக் கட்டுவோம் என்றனர் ஒரு சாரார். அதே இடத்தில், அதே தோற்றத்தில், மீண்டும் பிள்ளைகள் படிக்கும் நூலகமாகவே எழ வேண்டும் என்றனர் மறு சாரார். இரண்டாவது கருத்தே நிறைவேறியது. இன்று வெண்ணிறக் குவிமாடத்தின் கீழ் பல்கலைக்கழகப் பிள்ளைகள் அமர்ந்து படிக்கின்றனர். ஆனால் தீயின் தடயம் எதனையும் அந்தச் சுவர்களிற் காண முடியாது. அதைச் சொல்லவேண்டிய கடமை சுவரிடமிருந்து எம்மிடம் வந்துவிட்டது. இரு சாராரும் சொன்னதில் நியாயம் உண்டு என்றே இன்றும் எண்ணுகிறோம்.

கட்டடக் கலைஞர் காட்டிய வழி

இலங்கையின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா (1919–2003) புதியவை கட்டியதற்காகவே பெரிதும் பேசப்படுகிறார். அவர் தமக்கென அமைத்த கொழும்பு வீடோ ஒரு ஒழுங்கையில் வரிசையாக நின்ற நான்கு சிறு வீடுகளை ஒவ்வொன்றாக வாங்கி, சில சுவர்களை நீக்கி, சிலவற்றை விட்டு, சிறு முற்றங்களால் இணைத்து உருவானது. வைத்தியர் ஒருவருக்காக 1960களின் தொடக்கத்தில் அவர் வடிவமைத்த வீடு பின்னர் அவரது சொந்த அலுவலகமாயிற்று; அதன் பின்னர் உணவகமாயிற்று. மூன்று தொழில்களுக்கும் அதே முற்றங்கள் இடங்கொடுத்தன.

கலைஞர் ஏனா டி சில்வாவுக்காக அவர் கட்டிய வீட்டின் கதை இன்னும் வியப்பானது. அக்காணி விற்கப்பட்டபோது, கட்டடத்தின் கல்லும் மரமும் ஓடும் இலக்கமிட்டுக் கழற்றப்பட்டு, பெந்தோட்டைக்கு அண்மையிலுள்ள லுணுகங்கையில் மீண்டும் பொருத்தப்பட்டன. எல்லாக் கட்டடத்துக்கும் இப்படிச் செய்ய இயலாது. ஆனால் கழற்றுவதற்கு முன் ஒவ்வொன்றையும் அளந்து வரைந்து பதிந்தார்களே, அது எந்தக் கட்டடத்துக்கும் பொருந்தும்.

இத்துறையில் உலகெங்கும் எடுத்துக்காட்டப்படுவது 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம். அது சொல்வதன் சாரம் எளிமையானது. பழைய கட்டடத்தைச் சமூகத்துக்குப் பயனுள்ள வேலைக்கு வைத்திருப்பது அதன் பாதுகாப்புக்கு நல்லது. ஆனால் அந்தப் பயன்பாடு அதன் அமைப்பையும் அலங்காரத்தையும் குலைக்கக் கூடாது. புதிதாகச் சேர்ப்பது பழையதோடு இசைய வேண்டும். அதேவேளை இது பழையது, இது புதியது என்று பார்ப்பவர் பிரித்தறியவும் வேண்டும். ஊகம் தொடங்கும் இடத்தில் திருத்தம் நின்றுவிட வேண்டும். நோயாளிக்கு முதலில் தீங்கு செய்யாதே என்று எமக்குக் கற்பிக்கப்பட்டதற்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை.

நாம் செய்த பிழை

இதனை எழுதும்போது எமது பிழையொன்றையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வின் பின் ஊர் திரும்பி வந்தபோது மண்டபத்தின் ஓடுகளிற் பாதி இல்லை. ஆயினும் சுவர்கள் அசையாமல் நின்றன. 2002இல் பாதை திறந்ததும் வெளிநாடுகளிலிருந்து வந்த அக்காமாரும் உள்ளூரில் இருந்த நாமும் சேர்ந்து பணம் திரட்டினோம். பழைய சுண்ணாம்புச் சாந்தைக் கொத்தி எறிந்துவிட்டு, சுவர் முழுவதும் சீமெந்து பூசி, நிலத்துக்குப் பளபளப்பான மாபிள் போட்டோம். திறப்பு விழாவில் எல்லோரும் கைதட்டினோம்.

சில மாரிகள் கழிந்தன. சுவரடியில் பூச்சு பொக்களித்தது. தட்டினால் உள்ளே வெற்றொலி கேட்டது. காரணத்தை இப்போதுதான் விளங்கிக்கொண்டோம். யாழ்ப்பாணத்துப் பழைய சுவர்கள் சுண்ணாம்புக் கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் ஆனவை. நிலத்து ஈரம் அவற்றினூடே மேலேறும். சுண்ணாம்புப் பூச்சினூடாக ஆவியாகி வெளியேறும். அச்சுவர் மூச்சு விடும் என்று மேசன்மார் சொல்வது இதனையே. அதன்மேல் சீமெந்தைப் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லை. ஈரத்தோடு வந்த உப்பு உள்ளேயே படிகமாகி, சாந்தையும் கல்லின் முகத்தையும் உடைத்துத் தள்ளும். நிலத்தையும் மாபிளால் மூடியதால், அங்கே வெளியேறியிருக்க வேண்டிய ஈரமும் சுவர்ப்பக்கமே திரும்பியது. போர்க்காலத்தையும் தாங்கிய சுவரை, அன்பினால் நாமே நோயாளியாக்கினோம். இன்று இடிக்க வேண்டும் என்பதற்குக் காட்டப்படும் வெடிப்பும் உதிர்வும் பெரும்பாலும் எமது கைவேலையே.

இது திருத்தக்கூடிய பிழை. சீமெந்துப் பூச்சை மெதுவாக அகற்றி, சுவரை ஒரு கோடை முழுவதும் உலரவிட்டு, நன்கு ஊறவைத்த சுண்ணாம்பால் மீளப் பூசலாம். காளவாயில் சுட்ட சுண்ணாம்பைக் குழியில் நீற்றிப் புளிக்கவிடும் முறை அறிந்த முதிய மேசன்மார் ஊரில் இன்னும் ஒருசிலர் இருக்கின்றனர். கூரையில் வைரம் பாய்ந்த பனை வளைகளும் சிலாகைகளும் பெரும்பாலும் பழுதில்லை. ஒழுக்குப்பட்ட பக்கத்தில் உள்ளவற்றை மட்டும் மாற்றினாற் போதும் என்பது பார்த்த தச்சரின் கருத்து.

இனிச் செய்யக்கூடியவை

இடிக்கச் சொல்வோரின் கவலை நியாயமானது. பிள்ளைகளுக்கு வகுப்பறை வேண்டும், ஆய்வுகூடம் வேண்டும். பழைய மண்டபத்தை வெறும் காட்சிப் பொருளாகப் பூட்டிவைக்கும் உரிமை எமக்கு இல்லை. ஆகவே மண்டபத்தைப் பாடசாலை நூலகமாகவும் வாசிப்பறையாகவும் மாற்றலாம் என்று முன்மொழிகிறோம். உயர்ந்த கூரையும் இரு பக்க விறாந்தையும் வெயிலைத் தடுத்துக் காற்றை விடுவதால் வாசிப்பதற்கு அதைவிட நல்ல இடம் வளவில் இல்லை. இப்போது நூலகம் இருக்கும் இரண்டு அறைகளும் வகுப்புகளுக்குக் கிடைக்கும். மாடிக் கட்டடத்தைப் பின்புறத்தில் கட்டலாம்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. புத்தக அலுமாரிகளின் பாரம் சுவரில் தொங்காமல் நிலத்தில் இறங்க வேண்டும். மின்கம்பிகளுக்காகச் சுவரைக் கொத்தாமல் வெளியே குழாயில் கொண்டு செல்லலாம். சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்குச் சாய்தளம் வேண்டும். ஆபத்து வேளையில் வெளியேற இரண்டாவது கதவு வேண்டும். மலசலகூடத்தை மண்டபத்தோடு ஒட்டாமல் தள்ளிக் கட்டவேண்டும். குழாய் ஒழுக்கே பழைய சுவரின் முதல் எதிரி.

இவை எமது எண்ணங்கள் மாத்திரமே. மருத்துவரிடம் கட்டட வரைபடம் கேட்பது, கட்டடக் கலைஞரிடம் மருந்து கேட்பது போன்றதாகும். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் மரபுரிமைக் கட்டடங்களின் பாதுகாப்பைப் பட்டப்பின் படிப்பாகவே கற்பிக்கின்றனர். அத்தகைய பயிற்சி பெற்ற கட்டடக் கலைஞர் ஒருவரையும் கட்டமைப்புப் பொறியியலாளர் ஒருவரையும் அழைத்து, மண்டபத்தை முழுமையாக அளந்து, வரைந்து, படமெடுத்து, அதன் உடல்நிலை பற்றிய அறிக்கை பெறுவோம். சுவர் உண்மையிலேயே தாங்காது என்று அவர்கள் சொன்னால் நாமும் தலைவணங்கி ஏற்போம். அப்போதும் அந்த வரைபடங்கள் எமக்கு எஞ்சும். பரிசோதனை செய்யாமல் சத்திர சிகிச்சைக்குக் கையெழுத்திட வேண்டாம் என்பதே எமது வேண்டுகோள்.

யாழ்ப்பாணக் கோட்டைக்குள் 1706இல் கட்டப்பட்ட ஒல்லாந்தர் தேவாலயம் யுத்தத்தில் இடிந்து கற்குவியலாயிற்று. அது எம் கையை மீறிய இழப்பு. எமது மண்டபம் அப்படியல்ல. அது நிற்பதும் விழுவதும் இந்த மலரை வாசிக்கும் பழைய மாணவிகளான எமது கையில் இருக்கிறது. வருகிற பொதுக்கூட்டத்தில் இவ்விடயம் எடுக்கப்படும்போது உள்ளூரிலுள்ளோர் நேரில் வாருங்கள். புலம்பெயர்ந்த நாடுகளில் உள்ளோர் கருத்தை எழுதி அனுப்புங்கள். மண்டபத்தின் பழைய நிழற்படங்கள் எவரிடமாவது இருந்தால் அவற்றின் பிரதிகளைச் சங்கத்துக்குத் தாருங்கள். பூச்சின் நிறமும் சன்னல்களின் வடிவும் முன்பு எப்படி இருந்தன என்பதற்கு அவையே சான்று. நூறு ஆண்டுகளாக எம்மை நிழலில் வைத்திருந்த கூரையின் கீழ் அடுத்த தலைமுறைப் பிள்ளைகளும் அமர்ந்து படிக்கட்டும்.