காவல் முறையும் குற்றப் பரம்பரைச் சட்டமும்

காவல் முறை என்பது தென் தமிழகச் சிற்றூர்களில் பயிர், கால்நடை, வீடு ஆகியவற்றைக் களவிலிருந்து காக்க நிலவிய பழைய ஏற்பாடு ஆகும். இன்றைய விருதுநகர் மாவட்டத்தின் மல்லாங்கிணறு, அருப்புக்கோட்டை, திருச்சுழி ஆகிய ஊர்கள் அடங்கிய மானாவாரி நாட்டிலும் இம்முறை வழக்கில் இருந்தது.

காவல்காரர்களில் மறவர் மிகுதி. அறுவடையில் ஒரு பங்கு தானியம் அவர்களுக்குக் கூலி. களவு போன பொருளை அவர்கள் மீட்டுத் தர வேண்டும். இல்லையேல் ஈடு கட்ட வேண்டும். துப்புக்கூலி கொடுத்து மாட்டை மீட்பதும் உண்டு. காவல்கூலி தர மறுத்த ஊரில் களவு நடப்பதும் உண்டு. எனவே, ஊரின் பாதுகாப்பு ஓர் ஒப்பந்தத்தைச் சார்ந்திருந்தது.

ஆங்கிலேய அரசு 1859 ஆம் ஆண்டுச் சட்டத்தால் சென்னை மாகாணத்தில் சம்பளக் காவல்துறையை அமைத்தது. மரபுக் காவல் மெல்ல மதிப்பிழந்தது; காவலை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் வருவாய் இழந்தன.

1871 இல் வட இந்தியாவில் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911 இல் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. அறிவிக்கப்பட்ட சாதியினரின் கைரேகை பதியப்பட்டது. இரவில் காவல் நிலையத்தில் தங்கும் கட்டாயமும் பலருக்கு இருந்தது. 1920 ஏப்ரல் 3 அன்று மதுரை மாவட்டம் பெருங்காமநல்லூரில் கைரேகைப் பதிவை எதிர்த்த பிரமலைக் கள்ளர் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. இராமநாதபுரம் பகுதியில் ஆப்பநாட்டு மறவரும் இச்சட்டத்துக்கு உட்பட்டனர்.

இதனால் அக்காலப் பதிவேடுகளை மட்டும் கொண்டு குற்ற அளவை மதிப்பிட இயலாது. அவற்றில் செய்த குற்றத்துக்காக அன்றி, பிறந்த குலத்துக்காகப் பெயர் ஏறியவர்களும் உள்ளனர். சென்னை மாகாணத்தில் இச்சட்டம் 1947 இல் நீக்கப்பட்டது. அச்சமூகத்தினர் இன்று சீர்மரபினர் எனப்படுகின்றனர்.