இஞ்ச் லேத்தும் 127 பல் சக்கரமும்

மலர்க் குழுவினர், "நம்ம ஒர்க்ஷாப்பைப் பற்றி ஏதாவது எழுது" என்று கேட்டுக்கொண்டார்கள். கட்டடங்களின் வரலாற்றையும் முதல்வர்களின் வரலாற்றையும் எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் உண்டு. நான் தேய்ந்துபோன ஒரு திருகின் வரலாற்றை எழுதுகிறேன்.

களியக்காவிளை எல்லை ஊர் ஆன கதை யாவரும் அறிந்ததே. 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. அதே ஆண்டு டிசம்பரில் இன்னொரு எல்லையும் மாறியது. அதை நம்மூரில் யாரும் பேசுவதில்லை. எடை, அளவுத் தரச் சட்டம் நிறைவேறியது. 1957 ஏப்ரலில் நயா பைசா வந்தது, 1958 அக்டோபரில் கிலோ வந்தது. சந்தையில் படிக்கல்லை மாற்றினால் காரியம் முடிந்தது. லேத்தில் அப்படி முடியாது. அதன் லீட் ஸ்க்ரூ இஞ்சில் வெட்டப்பட்டது. அது இருக்கும்வரை அந்த இயந்திரத்துக்குப் பழைய சட்டம்தான்.

நம் ஒர்க்ஷாப்பின் மேற்கு மூலையில் நிற்கும் லேத் அந்த ரகம். இஞ்சுக்கு நான்கு புரி. நாம் எல்லோரும் அதில்தான் முதன்முதலில் கடைசல் பிடித்தோம். எல்லோரும் சக்குக்குப் பக்கத்திலேயே நாலு விரல் நீளத் துண்டைக் கடைந்தோம்! ஆகையால் தேய்மானமும் அங்கேதான். பெட், லீட் ஸ்க்ரூ இரண்டும் சக் ஓரத்தில் தேய்ந்து, பின்பக்கம் புதுசு போல இருக்கின்றன. ஜிப்பை இறுக்கினால் பின்னால் போகும்போது சேடில் சிக்கும், தளர்த்தினால் முன்னால் ஆடும். நீளத் தண்டைக் கடைந்தால் முழுநீளத்துக்கும் ஒரே விட்டம் வராது.

ரிப்பேர் எப்படி என்பதைக் களியக்காவிளைப் பட்டறை மேஸ்திரி ஒருவரிடம்தான் நான் கற்றேன், வகுப்பில் அல்ல. ரப்பர் ஷீட் அடிக்கும் ரோலருக்குப் புஷ் கடைவது அவருக்கு அன்றாட வேலை. அவர் சொன்னது: "பிள்ளே, நட்டு தேயதுக்குள்ளதுதான், தேயட்டு. ஸ்க்ரூவப் பாத்துக்கோ." ஸ்க்ரூ எஃகு, ஹாஃப் நட் கன்மெட்டல். மலிவானது முதலில் தேயட்டும் என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். இரண்டு கன்மெட்டல் கட்டைகளை ஈயப்பற்று வைத்து ஒட்டி, துளைத்து, உள்ளே புரி வெட்டி, பிறகு சூடு காட்டிப் பிரித்தால் ஹாஃப் நட் தயார். ஸ்க்ரூவும் தேய்ந்திருந்தால், இரு முனைகளையும் கடைந்து மாற்றி, தலைகீழாகத் திருப்பிப் போடலாம். தேயாத பகுதி சக் பக்கம் வந்துவிடும். என்ன சாமர்த்தியம் பாருங்கள்!

அந்தப் புரியை எங்கே வெட்டுவது? நம் லேத் தன் நட்டைத் தானே வெட்டிக்கொள்ள முடியாது. தேய்ந்ததே அந்த நட்டுத்தானே. இன்னொரு லேத் வேண்டும், அது மில்லிமீட்டர் லேத்தாக இருக்கும். ஒரு இஞ்ச் 25.4 மில்லிமீட்டர். ஆகவே நான்கு புரி என்றால் புரி இடைவெளி 6.35. மில்லிமீட்டர் லேத்தின் ஸ்க்ரூ 6 என்றால் விகிதம் 127-க்கு 120. 127 பகா எண், சுருக்க வழியில்லை. அத்தனை பல்லும் உள்ள சக்கரமே வேண்டும். புரியின் கோணமும் கவனம்: இஞ்ச் ஆக்மி புரிக்கு 29 டிகிரி, மெட்ரிக்குக்கு 30. ஒரு டிகிரிதானே என்று விட்டால் நட்டு ஓரத்தில் மட்டும் பிடித்து ஆறே மாதத்தில் தேய்ந்துவிடும்.

இந்தத் திருகு வழக்கம் எங்கிருந்து வந்தது? 1800-ஐ ஒட்டி இலண்டனில் ஹென்றி மாட்ஸ்லி லீட் ஸ்க்ரூவும் மாற்றுச் சக்கரங்களும் உள்ள லேத்தைச் செய்தார். அவர் பட்டறையில் வேலை பார்த்த ஜோசப் விட்வொர்த், 1840-ல் உண்மையான சமதளத்தைச் சுரண்டி உண்டாக்குவதைப் பற்றிக் கட்டுரை படித்தார். மறு ஆண்டே திருகுப் புரிக்கு ஒரே தரம் வேண்டும் என்று வாதிட்டார். நீலச் சாயம் பூசி, மேடு தெரியும் இடத்தைச் சுரண்டும் அந்த முறையில்தான் இன்றும் பெட் சரிசெய்யப்படுகிறது. நம் நாட்டில் ஹரிஹரில் மைசூர் கிர்லோஸ்கர் 1941-லும், பெங்களூரில் எச்.எம்.டி. 1953-லும் தொடங்கின. பின்னர் களமசேரியிலும் எச்.எம்.டி. வந்தது. ஹரிஹர் தொழிற்சாலை மூடப்பட்டுவிட்டது. உதிரி பாகம் கேட்டுக் கடிதம் போட முகவரி இல்லை, செய்துகொள்ளத்தான் வேண்டும்.

மூலையில் நிற்கும் லேத் ஏலப் பட்டியலில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். பழைய இரும்பு விலைக்குப் போகும். கணினி லேத் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, கட்டாயம் வேண்டும். ஆனால் தேய்மானம் என்றால் என்ன என்று கையால் தொட்டுப் பார்க்க இதைவிட நல்ல பாடப்புத்தகம் நம்மிடம் இல்லை. ஹாஃப் நட்டும் ஸ்க்ரூவும் சில நாள் வேலை. பெட்டைச் சுரண்டுவதுதான் வாரக்கணக்கில் இழுக்கும். நான்கு மாணவர்கள் கூட நின்றால் தானே வந்து சுரண்டித் தருவதாக மேஸ்திரி சொல்கிறார். 127 பல் சக்கரமும் அவரிடம் இருக்கிறது.