எருக்குழி சொல்லும் வரலாறு

(வானொலி உழவர் நிகழ்ச்சியில் ஒலிபரப்பான பேச்சு)



இன்று உங்களோடு எருக்குழியைப் பற்றிப் பேசப்போகிறேன். "இதைச் சொல்ல ஒரு ஆபீசர் வேணுமா? பாட்டன் காலத்திலிருந்து சாணி அள்ளிக் கொட்டுகிறவர்கள் நாங்கள்" என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். ஆனால் அந்தக் குழிக்குப் பின்னால் நூறு வருஷத்துக்கும் மேலான ஒரு வரலாறு இருக்கிறது. அதைக் கேட்டால், நம் வீட்டுக் கொட்டகையிலிருந்து தினமும் என்ன வெளியே போகிறது, அதில் எவ்வளவு நிலத்துக்குப் போய்ச் சேர்கிறது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்வீர்கள்.

சீமையிலிருந்து வந்த ரசாயன நிபுணர்

1889-ஆம் வருஷக் கடைசியில் ஜான் அகஸ்டஸ் வோல்க்கர் என்ற ரசாயன நிபுணர் இங்கிலாந்திலிருந்து வந்து இறங்கினார். இந்தியாவின் விவசாயத்தை எப்படி மேம்படுத்தலாம் என்று பார்த்துச் சொல்ல அரசாங்கம் அவரை அனுப்பியது. ஒரு வருஷத்துக்கு மேல் நாடு முழுக்கச் சுற்றினார். அவருடைய அறிக்கை 1893-இல் புத்தகமாக வந்தது.

இந்திய விவசாயிக்கு ஒன்றும் தெரியாது என்று அப்போது பலர் பேசிக்கொண்டிருந்தார்கள். வோல்க்கர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. இங்குள்ள நல்ல விவசாயி இங்கிலாந்து விவசாயிக்குக் குறைந்தவரல்ல, சில விஷயங்களில் அவரைவிட மேல் என்றே எழுதினார். ஆனால் ஒரு குறையை அழுத்திச் சொன்னார். நிலத்துக்குப் போக வேண்டிய சாணம் வரட்டியாகி அடுப்பில் எரிகிறது என்பதுதான் அது.

காரணத்தையும் அவர் தேடினார். விவசாயி அறியாமையினால் சாணத்தை எரிக்கவில்லை. விறகு இல்லாததால் எரிக்கிறார் என்று கண்டுகொண்டார். நம் கோயம்புத்தூர்ச் சீமைக்கு வந்தபோது அதற்கு அத்தாட்சியும் கிடைத்தது. இங்கே காடு தோட்டங்களைச் சுற்றி உயிர்வேலி இருந்தது. வேலி கழித்த விறகு அடுப்புக்குப் போயிற்று, சாணம் நிலத்துக்குப் போயிற்று. ஆகவே, விறகுக்கும் தீவனத்துக்கும் ஊருக்கு ஊர் மரம் வளர்க்க வேண்டும் என்று அரசாங்கத்துக்குப் பரிந்துரைத்தார். 'சாணத்தை எரிக்காதே' என்று சொல்வதற்கு முன்னால் எரிக்க வேறொன்றைக் கொடு என்பது அதன் பொருள். இது நியாயமான பேச்சல்லவா?

வோல்க்கர் இன்னொரு நஷ்டத்தையும் கவனித்தார். மாட்டு மூத்திரம் கொட்டகைத் தரையில் ஊறி வீணாவதுதான் அது. இன்றைக்கும் நம் கண்ணுக்குத் தெரியாமல் போகும் நஷ்டம் இதுதான். சாணியைக் கூடையில் அள்ளலாம். மூத்திரத்தை எப்படி அள்ளுவது? அதற்கு வழி சொல்ல இன்னும் முப்பது, நாற்பது வருஷம் ஆயிற்று.

இந்தூரில் நடந்த வேலை

1905-இல் ஆல்பர்ட் ஹோவர்டு என்ற தாவர நிபுணர் பீகாரில் உள்ள பூசா ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்து சேர்ந்தார். ஊர் விவசாயிகளையும் பயிரில் விழும் பூச்சிகளையும் தம்முடைய வாத்தியார்களாக அவர் நினைத்தார். சீன விவசாயிகள் எந்தக் கழிவையும் வீணாக்காமல் மண்ணுக்கே திருப்பி விடுவதைப் பற்றி கிங் என்ற அமெரிக்கர் 1911-இல் வெளியான புத்தகத்தில் எழுதியிருந்தார். அதையும் ஹோவர்டு ஊன்றிப் படித்தார். 1924-இல் இந்தூரில் ஒரு நிலையத்தைத் தொடங்கி, யஷ்வந்த் வாட் என்ற நம் நாட்டு ரசாயனக்காரரோடு சேர்ந்து ஒரு முறையை வகுத்தார். 1931-இல் இருவரும் அதைப் புத்தகமாக வெளியிட்டார்கள். உலகம் முழுவதும் 'இந்தூர் முறை' என்று பேர் வாங்கிய கம்போஸ்ட் முறை அதுதான்.

அந்த முறை கொட்டகையிலேயே ஆரம்பிக்கிறது. மாடு கட்டும் தரையை மண் தரையாகவே வைத்தார்கள். அதன்மேல் சருகு, கூளம், களைச்செடி எல்லாவற்றையும் பரப்பினார்கள். மூத்திரத்தை முதலில் கூளம் குடிக்கும். மிச்சத்தை மண் குடிக்கும். நனைந்த கூளத்தைத் தினமும் வாரிக் குழிக்குக் கொண்டு போனார்கள். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை மேல்மண்ணை வெட்டி எடுத்து, புதுமண் போட்டார்கள். வெட்டிய மண்ணும் எருக்குழியில் ஒரு சரக்காகச் சேர்ந்தது. மூத்திரத்தை அள்ளுவதற்கு இதைவிடச் சுலபமான உபாயம் ஏது?

பருத்தி மார் போன்ற கட்டையான சமாசாரங்களை வண்டிப் பாதையில் போட்டார்கள். வண்டியும் மாடும் மிதித்து நசுக்கிய பிறகு அதுவும் குழிக்கு வந்தது. குழி 30 அடி நீளம், 14 அடி அகலம். ஆனால் ஆழம் இரண்டு மூன்று அடிக்கு மேல் கிடையாது. ஏன் தெரியுமா? காற்று ஒன்றரை, இரண்டு அடிக்குக் கீழே தானாக இறங்காது. காற்றில்லாத இடத்தில் குப்பை மக்குவதில்லை, அழுகத்தான் செய்யும். நாற்றம் அடிப்பது அதனால்தான். ஆகவே கூளம், சாணம், மூத்திர மண், அடுப்புச் சாம்பல் என்று அடுக்கடுக்காகப் போட்டு, தண்ணீர் தெளித்து, இரண்டு மூன்று தடவை புரட்டிக் கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் கறுத்துப் பொலபொலவென்று எரு தயாராகிவிடும். மழைக்காலத்தில் குழியில் தண்ணீர் தேங்கும் என்பதால் தரைக்கு மேலே குவியலாகவே போட்டார்கள்.

நன்றாகப் போட்ட குவியலின் உள்ளே சூடு 60 டிகிரி சென்டிகிரேடுக்கு மேலும் ஏறும். கையை விட்டால் பொறுக்க முடியாது. களை விதையையும், குடற்புழு முட்டையையும், ஈப்புழுவையும் அந்தச் சூடுதான் கொல்கிறது. குவியலின் ஓரத்தில் சூடு ஏறாது. அங்கே கிடப்பதை உள்ளே தள்ளுவதற்காகவே புரட்டுகிறோம். எருவுக்காகச் செய்த காரியம் சுகாதாரத்துக்கும் உதவியது பாருங்கள்.

ஆள் பற்றாதவர்களுக்கு ஒரு வழி

இந்தூர் முறை நல்லதுதான். ஆனால் புரட்ட ஆள் வேண்டும். இதற்குப் பதில் பெங்களூரிலிருந்து வந்தது. அங்குள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சி. என். ஆச்சார்யா 1939-இல் வேறொரு முறையை உருவாக்கினார். நகரத்துக் குப்பையை மக்க வைப்பதற்காக ஏற்பட்ட முறை அது. குழியில் அடுக்கடுக்காகப் போட்டு, மேலே மண்ணால் மூடி விடுவது. புரட்டுகிற வேலையே இல்லை. நாள் கூடுதலாகப் பிடிக்கும், ஆள்கூலி மிச்சம்.

தொழுஉரத்துக்கு இன்று நாங்கள் சொல்லும் குழிமுறையும் இந்த வழியில் வந்ததே. 20 முதல் 25 அடி நீளம், 5 அல்லது 6 அடி அகலம், 3 அடி ஆழம் வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு கோடியிலிருந்து மூன்று மூன்று அடியாக நிரப்பி வாருங்கள். தரைக்கு மேல் ஒன்றரை அடி எழும்பியதும் சாணியும் மண்ணும் குழைத்துப் பூசி மூடுங்கள். பிறகு அடுத்த மூன்றடி. நான்கைந்து மாதத்தில் எரு தயார். இரண்டு குழி இருந்தால் ஒன்று மக்கும்போது மற்றது நிரம்பும்.

அடுப்பும் எரியும், எருவும் மிஞ்சும்

வோல்க்கர் கேட்ட கேள்வி மட்டும் பாக்கி நின்றது. சாணம் எருவாகவும் வேண்டும், அடுப்பும் எரிய வேண்டும், என்ன செய்வது? 1939-இல் டெல்லி விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் எஸ். வி. தேசாய் சாணத்தைக் காற்றுப் புகாமல் புளிக்க வைத்து, எரியும் வாயுவை எடுத்துப் பார்த்தார். 1951-இல் ஜஷ்பாய் படேல், மேலே இரும்பு டிரம் மிதக்கும் கலனை வடிவமைத்தார். 1960-களில் கதர் கிராமத் தொழில் ஆணைக்குழு அதை ஊர் ஊராகக் கொண்டுபோயிற்று. 1973-இல் எண்ணெய் விலை ஏறியபோது இதன் அருமை எல்லாருக்கும் புரிந்தது. 1981-இல் தேசியத் திட்டம் வந்தது. டிரம் இல்லாமல் செங்கல்லாலேயே கட்டும் 'தீனபந்து' மாதிரி 1984-இல் வந்து செலவைக் குறைத்தது.

நாலைந்து மாடு இருந்தால் 50 கிலோ சாணம் கிடைக்கும். 2 கன மீட்டர் கலனுக்கு அது போதும். ஒரு குடும்பத்துச் சமையல் ஆகிவிடும். எரிந்து போவது வாயுதான். தழைச்சத்தும் மணிச்சத்தும் சாம்பல்சத்தும் வெளியே வரும் கரைசலிலேயே இருக்கின்றன. அதில் நாற்றம் குறைவு, ஈயும் அவ்வளவாக மொய்க்காது. வரட்டிப் புகையில் கண் கலங்கி நின்ற தாய்மார்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

எருக்குழிக்குப் போகக்கூடாதவை

வரலாற்றில் இன்னொரு பாடமும் உண்டு. பிரான்சு தேசத்தில் சில வயல்களில் ஆடுமாடு மேய்ந்தால் செத்துப்போகும். அதைச் சாபம் பிடித்த நிலம் என்று விவசாயிகள் ஒதுக்கினார்கள். 1880-ஐ ஒட்டி லூயி பாஸ்டர் அதை ஆராய்ந்தார். அடைப்பான் நோயில் செத்த மாடுகளை அங்கே புதைத்திருந்தார்கள். அந்த நோய்க் கிருமியின் வித்துகளை மண்புழுக்கள் மேலே கொண்டுவருகின்றன என்று அவர் கண்டு சொன்னார். அந்த வித்து மண்ணில் பல பத்து வருஷம் உயிரோடு கிடக்கும்.

ஆகவே மாடு திடீரென்று செத்து, மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத ரத்தம் கசிந்தால், அதை அறுக்காதீர்கள், தோலை உரிக்காதீர்கள். கால்நடை மருத்துவருக்குச் சொல்லி அனுப்புங்கள். அவர் சொல்கிறபடி சுண்ணாம்பு போட்டு ஆழப் புதைக்க வேண்டும். கன்று வீசிய மாட்டின் நஞ்சுக்கொடியையும் எருக்குழியில் எறியக்கூடாது. அது கருச்சிதைவு நோயாக இருந்தால் மனுஷருக்கும் தொற்றும். வெறும் கையால் தொடாமல், சுண்ணாம்பு போட்டுத் தனியே புதையுங்கள்.

நம் கணக்கு

இப்போது நம் வீட்டுக் கணக்குக்கு வருவோம். ஒரு மாடு ஒரு நாளைக்குப் 10 கிலோ சாணம் போட்டால் வருஷத்துக்கு மூன்றரை டன்னுக்கு மேல் ஆகிறது. ஒரு டன் தொழுஉரத்தில் சுமார் 5 கிலோ தழைச்சத்து, 2 கிலோ மணிச்சத்து, 5 கிலோ சாம்பல்சத்து உண்டு. மாட்டிடமிருந்து வரும் தழைச்சத்தில் ஏறக்குறையப் பாதி மூத்திரத்தில் இருக்கிறது. நாளைக்கு 7 லிட்டர் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், வருஷத்துக்கு 45 கிலோ மூட்டை யூரியா ஒன்றில் உள்ள தழைச்சத்து அதில் இருக்கிறது. மாட்டுக்கு ஒரு மூட்டை. அதைத்தான் தரையில் விட்டுவிட்டு, பிறகு கடையில் போய்க் கடன் சொல்கிறோம்.

வெயிலில் காய்ந்து, மழையில் கரைந்து கிடக்கும் குப்பைமேட்டில் சத்து நிற்காது. சத்துப் போய்விடும், நோய் தங்கிவிடும். ஈரச் சாணத்தில் ஈ முட்டையிட்டால், வெயில் காலத்தில் பத்தே நாளில் புது ஈ பறக்கும். அது குப்பையில் உட்கார்ந்த காலோடு குழந்தையின் சோற்றில் உட்காரும். குப்பைமேட்டுத் தண்ணீர் கிணற்றில் இறங்கினால் வீட்டில் வயிற்றுப்போக்கு விடாது. சாணிச் சகதியில் படுக்கும் பசுவுக்கு மடிவீக்கம் வரும். பால் கெடும், காம்பும் போகலாம்.

அந்தக் காலத்தில் வீட்டுக்கு இரண்டு மாடு இருந்தது. இன்றைக்குப் பத்து, இருபது கலப்பினப் பசுக்களைச் சிமெண்டுத் தரையில் கட்டிக் குழாய்த் தண்ணீரால் கழுவுகிறோம். வோல்க்கர் பார்த்த காலத்தில் சாணம் அடுப்புக்குப் போயிற்று. இப்போது பல இடங்களில் சாக்கடை வழியாக வாய்க்காலுக்குப் போகிறது. அப்போதாவது சோறு வெந்தது. பால் பண்ணைக் கழிவை எப்படிக் கையாள வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021-இல் நெறிமுறை வெளியிட்டது. சட்டம் வந்து சொல்லுமுன் நாமே செய்வது நமக்கு லாபம்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

தினமும் சாணியை முதலில் அள்ளிவிட்டுப் பிறகு கழுவுங்கள். தண்ணீர் குறைவாகச் செலவாகும்.

மண் தரையானால் கூளம் பரப்புங்கள். சிமெண்டுத் தரையானால் சரிவும் ஓடையும் வைத்து, மூத்திரத்தைத் தொட்டியில் பிடித்து எருக்குழியில் ஊற்றுங்கள்.

குழி மேட்டில் இருக்கட்டும். கிணற்றிலிருந்து 50 அடியாவது தள்ளி இருக்கட்டும். மேலே ஒரு கீற்றுப் பந்தல் போடுங்கள்.

வயலுக்கு ஓட்டிய எருவை அங்கங்கே சிறு குவியலாகக் காயவிடாதீர்கள். இறக்கிய அன்றே இறைத்து உழுதுவிடுங்கள்.

சாணி அள்ளுகிறவர்கள், பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான், கையில் காயம் இருந்தால் மூடிக்கொள்ளட்டும். ரணஜன்னி ஊசி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள்.

'ஆட்டெரு அந்த வருஷம், மாட்டெரு மறு வருஷம்' என்பார்கள் நம் பெரியவர்கள். மாட்டெருவின் பலன் மெதுவாகத்தான் தெரியும். ஆனால் மண்ணில் நின்று பேசும். இந்தச் சித்திரையில் ஒரு குழி வெட்டினால் அடுத்த சித்திரையில் உங்கள் மண்ணே உங்களுக்குச் சொல்லும். குழிக்கு அளவு போட, சாண எரிவாயுக் கலனுக்கு மானியம் விசாரிக்க, உங்கள் வட்டார விவசாய அலுவலகத்துக்கு வாருங்கள்.